பெயர் சொல்லாத கருவி

பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஜி.எம். கூட்ட அறைக்குள் வந்தார். காத்திருந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

நெட்வொர்க்கும் அதுவரை விழாமல் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆறு வாரமாக, திங்கட்கிழமை பதினொரு மணி ஆனால் சொல்லிவைத்தாற்போல் அது விழும். கட்டடம் முழுக்க எல்லாத் திரையும் உறைந்துபோகும். வாராந்தரக் கூட்டம் கலைந்த சற்று நேரத்தில், யாரும் எதுவும் செய்யாமலே எழுந்துகொள்ளும்.

காரணம் கண்டுபிடிக்க ஜி.எம். ஒரு குழு அமைத்தார். 'உள்வலைப் போக்குவரத்து மற்றும் பிழைக் கண்காணிப்புக் கருவித் தேர்வு உயர்மட்டக் குழு.' பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும். உயர்மட்டம் என்பது கணக்குப் பிரிவு மேடம், கொள்முதல் அதிகாரி, அப்புறம் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஒயர்காரர்.

ஒயர்காரருக்கு இதுதான் கடைசித் திங்கள். இன்றும் காரணம் தெரியாவிட்டால் அவர் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவதாக ஜி.எம். கையெழுத்தே போட்டுவிட்டார். "வீட்டுக்கு வந்து என் சமையலறையைக் கண்காணிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க" என்று மனைவி காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

முதலில் பார்த்த கருவியில் உலக வரைபடம் சுழன்றது. அதில் நம் அலுவலகம் எங்கே என்று ஜி.எம். கேட்டார். விற்க வந்தவர் நடுக்கடலைக் காட்டினார்.

இரண்டாவது கருவியில் எல்லாமே பச்சை விளக்கு. நெட்வொர்க் செத்துக் கிடந்த அரைமணி நேரமும் பச்சை. ஜி.எம்.முக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது.

மூன்றாவது, இன்று ஒயர்காரர் தன் பழைய லேப்டாப்பில் கொண்டுவந்திருப்பது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, இலவசம். இலவசம் என்றதும் கொள்முதல் அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த அறையில் வைஃபை கிடையாது. அது மூளையைச் சுடும் என்று ஜி.எம். எங்கோ படித்திருந்தார். அதற்குப் பதில் ஆறு வாரத்துக்கு முன் ஒரு புது மேசை வந்தது. மேசை நடுவே நெட்வொர்க் கேபிள் செருக இரண்டு துளைகள். ஒன்றில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்புக்காக விட்டிருந்தார்கள்.

ஜி.எம்.முக்குத் தொங்குவது எதுவும் பிடிக்காது. உட்காருவதற்கு முன் நாற்காலிகளை நேராக்கினார். பேனாக்களை ஒரு திசையில் அடுக்கினார். நீட்டிக்கொண்டிருந்த கேபிளின் முனையை எடுத்துப் பக்கத்துத் துளையில் செருகினார். கையைத் தட்டிக்கொண்டு அமர்ந்தார்.

"ஒழுங்குதான் முக்கியம். ஒழுங்கு இருந்தா பிழை ஏன் வரும்?"

வெளியே யாரோ கத்தினார்கள். "போச்சுடா!"

எல்லோரும் ஒயர்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு லேப்டாப்பை ஜி.எம். பக்கம் திருப்பினார். திரையில் ஒரே ஒரு வரி.

'கூட்ட அறை மேசை: துளை 14, துளை 15, இரண்டிலும் ஒரே கேபிள். போன செய்தி போன வழியே திரும்பி வந்து செக்குமாடாகச் சுற்றுகிறது.'

ஜி.எம். படித்தார். கேபிளைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அவருடைய தவறை அவரிடமே சொன்ன கடைசி மனிதர் இப்போது பதிவேட்டு அறையில் தூசியோடு குடித்தனம் நடத்துகிறார். கணக்கு மேடம் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தி இருமினார். அது இருமல்தான் என்று எல்லோரும் நம்ப முயன்றார்கள்.

ஜி.எம்.மின் கை மெதுவாக நகர்ந்து போய்க் கேபிளைப் பிடுங்கியது.

"வந்திருச்சு!" என்றது வெளியே அதே குரல்.

"கருவி நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜி.எம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாரு, என்னன்னு பேரெல்லாம் போட்டு அறிக்கை குடுக்குமா?"

"குடுக்காது சார். துளை நம்பர் மட்டும்தான்."

ஜி.எம். விட்ட மூச்சில் மேசையிலிருந்த காகிதம் ஒன்று பறந்தது. "அப்போ இதையே தேர்வு பண்ணிடுவோம். பார்த்துக்க வெளியாள் எதுக்கு? நீங்களே பார்த்துக்குங்க."

உயர்மட்டக் குழு ஏகமனதாகக் கலைந்தது.

ஒயர்காரர் மட்டும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு முதுகு நாற்காலியைத் தொட்டது.

கூட்டிப் பெருக்கும் அக்கா ஈரத்துணியோடு வந்தார். வழக்கம்போல் மேசை நடுவே கையை நீட்டியவர், பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் திகைத்து நின்றார்.

"இன்னிக்கு யாரு தம்பி இதைப் புடுங்குனது?"

"அவரேதான்க்கா."

"அடேங்கப்பா! அவரு சொருகுறாரு, நான் தொடைக்கிறப்போ புடுங்குறேன்னு ரெண்டாவது வாரமே உங்ககிட்டச் சொன்னேன்ல? இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அவருகிட்டச் சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கென்ன பைத்தியமா? இந்தக் கருவி சொல்லுச்சு."

அக்கா லேப்டாப்பைப் பார்த்தார். அந்த வரி இன்னும் அப்படியே இருந்தது. பிறகு மேசைமேல் கிடந்த கேபிளின் முனையைத் தூக்கிப் பிடித்தார்.

"லேப்டாப்புல சொருகுற ஒயரு இது ஒண்ணுதானே தம்பி? இதைத்தானே அவரு அந்தப் பக்கம் சொருகி வெச்சிருந்தாரு?"

"மெதுவாக்கா" என்றார் ஒயர்காரர். காலையில் சாப்பிட்டுக்கொண்டே ஒற்றை விரலால் தட்டி, நாலு முறை எழுத்துப்பிழை பார்த்த அந்த வரியை அழித்தார்.