உருளை நிற்கும் இடம்

எங்கள் ரோபோவுக்கு உருளை என்று பெயர் வைத்தவள் என் மனைவி மெர்லின். முழங்கால் உயரம், மூன்று சக்கரங்கள். அதன் மூளையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். எதிர்பார்த்தது கிடைத்தால் அந்த வழி வலுக்கும், கிடைக்காவிட்டால் தளரும். நம் மண்டைக்குள் நடப்பதும் அதுதான். மெர்லின் அதற்குத் தரும் பரிசு தலையில் ஒரு தட்டு. மோதிரம் பட்டு ணங்கென்று கேட்கும்.

அவள் இறந்த பிறகும் ஆய்வுக்கூடக் கதவை நோக்கிப் போகிற ஒவ்வொரு சோதனை ஓட்டத்திலும் உருளை அவளுடைய நாற்காலியருகே நின்றது. தலையைத் தாழ்த்திக் காத்திருந்துவிட்டுப் போனது. காத்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

"கணக்கு கச்சிதமா வேலை செய்யுது மக்கா," என்றான் கூட வேலை பார்க்கும் சுடலை. "இன்னும் ரெண்டு ஓட்டம். அப்புறம் அங்க நிக்கவே நிக்காது."

"ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும்," என்றேன்.

"அப்ப நாளைக்கே எல்லாருக்கும் ஓட்டிக் காட்டிருவமா?"

எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதைத்தான் மூளை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதுவும் எங்கள் கணக்கில் இருக்கிறது.

உருளையைக் கிளப்பிவிட்டு சுடலை நிமிர்ந்து பார்த்தான். "லேய், அந்த நாற்காலில எதுக்குல போய் உக்காந்த? ஓட்டம் கெட்டுரும், எந்திரி."

உருளை வந்தது. நிற்குமா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நின்று தலையைத் தாழ்த்தியது.

மெர்லினின் மோதிரம் என் சுண்டுவிரலில் இருந்தது.