வழி விடுங்கோ

"எங்கட முகம் ஏன் உங்கட ரீவியில இல்லை?"

சிவராமன் எழுந்து நின்று ஜெர்மன் மொழியில் கேட்டதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

டோர்ட்மண்டில் பொதுத் தொலைக்காட்சி நடத்திய நேயர் சந்திப்பு அது. மேடையில் இருந்த தயாரிப்பாளர் அல்பேர்ட் மைக்கை அருகே இழுத்தார்.

தமிழ்ச் சங்கத் தலைவரான சிவராமன் விடவில்லை.

"தேர்த் திருவிழா எண்டால் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு ஓடி வாறீங்கள். வாடகையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்களிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீங்களோ? நாங்களும் ரீவிக் கட்டணம் கட்டுறம். படிச்ச பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம்! பிறகென்ன பிரச்சினை? எங்கட தோலோ?"

முதலில் கைதட்டியது பிருந்தாதான். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டொக்டர். 'உண்மையான டொக்டர் எப்ப வருவார்?' என்று அவளிடமே கேட்கும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் அல்பேர்ட் கீழே இறங்கி வந்தார்.

"நீங்கள் கேட்டது நியாயம். அடுத்த வாரம் நேரலை விவாதம் ஒன்று இருக்கிறது. மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை பற்றி. உங்கள் ஆட்களில் ஒருவரை அனுப்புவீர்களா?"

"இப்பவே தாறன்!" சிவராமன் திரும்பினார்.

பிருந்தா எழுந்தாள். சங்கத்தில் டொக்டர் என்றால் அவள் ஒருத்திதான்.

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. "தேனுஜா! இஞ்ச வா பிள்ளை."

வங்கியில் தொழிற்பயிற்சியில் இருக்கும் தேனுஜா திகைத்துப்போனாள். "எனக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன தெரியும் மாமா? பிருந்தாக்கா நிக்கிறாதானே?"

சிவராமன் பிருந்தாவை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"குறை நினைக்காதை பிள்ளை. நீ கெட்டிக்காரி, ஆர் இல்லையெண்டது? ஆனா உலகம் முழுக்க எங்கட சனம் பாக்கும். தேனுஜா எண்டால் நல்ல வெள்ளை. ரீவியில எடுப்பா இருப்பாள்."

பிருந்தாவுக்கு முகம் சுட்டது. நோயாளிகள் சொல்லும்போதுகூட இப்படி வலித்ததில்லை.

ஆனால் குனியவில்லை. நேரே அல்பேர்ட்டிடம் போனாள்.

"நான் டொக்டர் பிருந்தா. விவாதத்துக்கு நான்தான் வாறன். ஒண்டு மட்டும், மேக்கப் போடுற ஆக்களிட்டைச் சொல்லி வையுங்கோ. என்ரை கறுப்பு நிறத்தைக் குறைக்கக் கூடாது."

அல்பேர்ட் தலையாட்டிக்கொண்டே கை நீட்டினார்.

பதறிப்போய்க் குறுக்கே வந்தார் சிவராமன். "பிள்ளை, கொஞ்சம் பொறு..."

பிருந்தா எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"அவையின்ரை கதவைத் திறப்பிச்சது நீங்கள்தான் மாமா, நன்றி. இப்ப வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கிறதும் நீங்கள்தான். வழி விடுங்கோ!"