மேல்மூடி

ஓய்வு நாளில் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்க வாங்கிய பழைய பிளாஸ்டிக் பொம்மை ராணுவ டாங்கி அது. உள்ளே வெறும் கூடு; பெட்டியில் ஆள் பொம்மைகூட வரவில்லை. உள்ளே காலி என்பது தெரியக்கூடாது என்றுதான் மேல்மூடியைப் பசை போட்டு ஒட்டினேன். காலையில் திறந்து கிடந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி திறந்து கிடந்தது. மூன்றாம் முறை இடுக்கெல்லாம் பட்டி பார்த்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

"குழாய் ஒரு மாசமா ஒழுகுது. அதை அடைக்க மட்டும் உங்களுக்கு நேரம் வராது," என்றாள் மனைவி.

"நானே கடுப்புல இருக்கேன், நீ வேற!"

இன்றும் திறந்தே கிடந்தது. ஆத்திரத்தில் மூடியைப் பிய்த்தெடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நான் தேய்த்தபடியே வழுவழுவென்று இருந்தது. உள்பக்கம், பட்டி ஈரமாக இருந்தபோதே அழுத்திய பத்து விரல் தடங்கள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது.