வளையாத வில்

“ஒருத்தனாலயும் வளைக்க முடியக் கூடாது,” என்றார் கணக்கு வாத்தியார்.

பட்டறைக்காரன் இழைப்புளியைக் கீழே வைத்தான். “வில்லுன்னா வளையணுமே சார்!”

“அது மத்தவங்க வில்லு. எனக்கு ஒன்பதடியில, பார்த்தாலே வயித்தைக் கலக்குற மாதிரி ஒண்ணு வேணும்.”

“நாடகத்துக்கா?”

“என் பொண்ணு கல்யாணத்துக்கு.”

விஷயம் இதுதான். மகள் எவனையோ விரும்புகிறாள் என்று தெரிந்ததும் வாத்தியார் தையத்தக்கா என்று குதித்தார். குதித்த வேகத்தில், “வில்லை வளைச்சு நாண் ஏத்துறவனுக்குத்தான் உன்னைக் கட்டிக் கொடுப்பேன்!” என்று வாயை விட்டுவிட்டார்.

அவள் அழவில்லை. “சரிப்பா, வில்லு எங்கே?” என்று கேட்டாள். இனிமேல் பேச்சு மாறினால் மானம் போய்விடும். வேலையில் இருந்த காலமெல்லாம் யாரும் தேறக் கூடாதென்றே கேள்வித்தாள் தயாரித்தவர், இந்தப் பரீட்சையைச் சும்மா விடுவாரா? நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று மகளிடமே விசாரித்துக்கொண்டு, அவள் சொன்ன இந்தப் பட்டறைக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

“பையன் என்ன பண்றாரு சார்?” என்று பட்டறைக்காரன் கேட்டான்.

“கேட்கலை. பேரைக்கூடக் கேட்கலை. கேட்டா பாதி சம்மதம்னு ஆயிடும்.”

பட்டறைக்காரன் தலையைச் சொறிந்தான். இரண்டு முக்காலிகளுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மூங்கில் வளைந்து அவரைப் பத்திரமாகத் தரையில் இறக்கியது.

“அருமையான மரம் சார். விலையும் கம்மி. இதையே வெச்சுக்கலாம்,” என்றான் அவன், ஆசை ஆசையாக.

“என்னையே கீழே இறக்கிடுச்சு, இது அருமையா? அடுத்ததைப் போடு.”

தேக்கு லேசாக முனகியது. கருங்காலிக் கட்டையோ அசையவே இல்லை. அவர் அதன்மேல் எம்பி எம்பிக் குதித்துப் பார்த்தார். முக்காலிதான் ஆட்டம் கண்டது.

“இதுதான்! அந்தப் பயலுக்கு இடுப்பு ஒடியணும்!”

பட்டறைக்காரனின் முகம் சுருங்கிவிட்டது. “பாவம் சார் அந்தப் பையன்.”

“நான் பாவமில்லையா? அவ அம்மாவும் போயாச்சு. இவளும் போயிட்டா அந்த வீட்டுல எனக்கு யாருப்பா இருக்கா?” வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். அத்தனை கோபமும் வெறும் பயம்தான்.

பட்டறைக்காரன் கட்டையை இரண்டு தட்டுத் தட்டினான்.

“ஒன்பதடிக்கு ஒரே கருங்காலியா கிடைக்காது சார். ரெண்டு துண்டா எடுத்து நடுவுல இணைக்கணும். இணைப்பு தெரியாம மேல பித்தளைத் தகடு போர்த்தி, ஒரு சிங்க முகம் வெச்சுடறேன்.”

“சிங்கம் பல்லைக் காட்டணும்.”

“காட்டும் சார். இணைப்பை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுடுங்க.”

“அது உன் பாடு. எனக்கு மரம் கருங்காலியா இருக்கணும், அவ்வளவுதான்.” வாத்தியாருக்கு ஏகத் திருப்தி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “முடிஞ்சதும் வீட்டுக்கே கொண்டு வந்துடு தம்பி. அட்ரஸ் எழுதிக்கோ.”

பட்டறைக்காரன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

“அட்ரஸ் வேணாம் மாமா.”