கிரிதரன் பார்த்துச் சொன்ன கேமரா

கிரிதரன் கடைக்குள் நுழைந்ததுமே முதலாளி ஆண்டிச்சாமி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் தட்டி அவனுக்குப் போட்டார்.

"வாங்கண்ணே! நீங்க வந்தாத்தான் கடைக்கே களை."

இந்த மரியாதை கிரிதரனுக்கு மதுரையில் வேறெங்கும் கிடையாது, வீட்டில் சுத்தமாகக் கிடையாது. போன மாதம் ராதாமணி பிரிட்ஜ் வாங்கப் போனபோது எதிர்வீட்டுக்காரி, மேல்வீட்டுக்காரி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிய புருஷனை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவன் பேச்சுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் இந்தக் கேமரா கடைதான்.

இன்று அவன் அழைத்து வந்திருந்தது செக்கானூரணி அழகுபாண்டியை. மில் வேலையை விட்டுவிட்டு போட்டோகிராபர் ஆகிறேன் என்று கிளம்பியிருப்பவன். முதல் ஆர்டரே மச்சினிச்சி கல்யாணம்.

"படம் சொதப்புச்சுன்னா மாமனார் வீட்டு வாசப்படிய மிதிக்க முடியாதுண்ணே. பொண்டாட்டியே சேத்துக்க மாட்டா" என்று ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கியதிலிருந்து புலம்பிக்கொண்டே வந்தான்.

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றான் கிரிதரன்.

கிரிதரனும் ஒரு காலத்தில் போட்டோகிராபர் ஆகக் கிளம்பியவன்தான். ஆசை ஆசையாகப் பெரிய பிலிம் கேமரா ஒன்று வாங்கினான். வாங்கிய வருஷமே ஊரில் பாதிப் பேர் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள். அதற்கு முன்னால் பேஜர் வாங்கினான், பின்னாலேயே செல்போன் வந்து நின்றது. அதற்கு அவன் என்ன செய்வான்? அன்றோடு தனக்கு வாங்குவதை விட்டுவிட்டு, ஊருக்கு வாங்கிக் கொடுக்கத் தொடங்கினான்.

அதில் அவன் கை ராசியான கை. அவன் அழைத்து வந்த ஹரிராம் இன்று பழங்காநத்தத்தில் ஏசி போட்ட ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இந்துப்ரியாவுக்கு முகூர்த்த நாட்களில் மூச்சுவிட நேரமில்லை. இருவரும் தீபாவளிக்குத் தவறாமல் இவனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்புவார்கள். எங்கே, நான் பார்த்துச் சொன்ன கேமராவைக் காட்டுங்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். தொழில் ரகசியம் போலிருக்கிறது என்று கிரிதரனும் வற்புறுத்தியதில்லை.

ஆண்டிச்சாமி இரண்டு கேமராக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று வெள்ளிக் கலர், இன்னொன்று கறுப்பு. அழகுபாண்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

கிரிதரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வெள்ளியைக் கையில் எடுத்தான்.

"இது பத்து மெகாபிக்சல், அது ஆறு. பத்து பெருசா, ஆறு பெருசா?"

"பத்துண்ணே."

"அம்புட்டுத்தான் விஷயம். ஜூம் பன்னெண்டு மடங்கு. மண்டபத்து வாசல்ல நின்னுக்கிட்டே தாலி முடிச்ச எண்ணலாம். வீடியோ எடுக்கும், மேளச் சத்தம் உட்பட. வேற என்ன வேணும் ஒனக்கு?"

பிறகு கறுப்பை எடுத்து, ஏதோ ஒரு பட்டனை அமுக்கியபடி முன்பக்கத்தைத் திருகினான். லென்ஸ் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. உடைத்தே விட்டோமோ என்று கிரிதரன் ஒரு நொடி பயந்துபோனான். ஆனால் அவனா அசருவான்?

"பாத்தியா? தொட்டதும் கழண்டு வருது! மணவறையில கழண்டு மாப்பிள்ளை மடியில விழுந்தா யாருடா பதில் சொல்றது?"

"அது மாத்திப் போடுற லென்சுண்ணே" என்றார் ஆண்டிச்சாமி மெதுவாக.

"நல்லா இருக்கிறத எதுக்குங்க மாத்தணும்?"

ஆண்டிச்சாமி லென்சை வாங்கித் துடைத்து மேஜைமேல் வைத்தார். கிரிதரன் கேமராவைத் திருப்பிக் காட்டினான்.

"பின்னாடி இம்புட்டுப் பெரிய ஸ்கிரீன் இருக்குல்ல? படம் எடுக்கிறப்ப இதுல ஒண்ணும் தெரியாது. இந்த ஓட்டையில கண்ண வச்சுத்தான் பாக்கணும். வீடியோவும் கெடையாது. வெயிட்டு வேற!"

அழகுபாண்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப இது வேணாம்."

"தொடவே தொடாத."

"உறுதியாத்தான் சொல்றீகளாண்ணே? லேசாக்கூட நல்லா இல்லையா?"

"மாப்ள, என் சர்வீஸ்ல இம்புட்டு மோசமான கேமராவப் பார்த்ததே இல்ல."

காலையிலிருந்து இறுகிக் கிடந்த அழகுபாண்டியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "இந்த வார்த்தை போதும்ண்ணே. வயித்துல பால வாத்தீக" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

கிரிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷனுடைய பிழைப்பையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று மனசு நிறைந்தது. இதைப் பார்க்க ராதாமணி பக்கத்தில் இல்லையே என்று ஆதங்கமாகவும் இருந்தது.

"சரி, பில்லப் போடச் சொல்லு. நான் பக்கத்துல டீ சொல்லிட்டு வாரேன்."

நாலு எட்டு நடந்த பிறகுதான், ஆண்டிச்சாமிக்குச் சர்க்கரை போட்ட டீயா, போடாத டீயா என்று கேட்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கடைவாசலில் கால் வைத்தான். உள்ளே இருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

"எதுக்குத் தம்பி பில் போட? வெள்ளிக்கா, கறுப்புக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஆண்டிச்சாமி.

"கறுப்புக்குத்தாண்ணே! கிரி அண்ணன் வாயாலயே வேணாம்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன பயம்?"