லிப்டின் நீளம்

லிப்டுக்குள் நுழைகிற எல்லோரும் கண்ணாடிப் பக்கம்தான் திரும்புவார்கள். அங்கே விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும்.

பாரூக் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து கண்ணாடி வரை ஒரு தரம். மூலையிலிருந்து மூலைக்கு இன்னொரு தரம்.

"மகள், ஒரு ஆள் உயர அலுமாரி இதுக்குள்ள போகுமா?"

"தாராளமா போகும் அங்கிள். நிப்பாட்டி வச்சா எடமும் மிச்சம்," என்றாள் நிலூஷா. தெல்தெனியப் பக்கம் நீர்க்கரையில் புதிதாக எழும்பியிருக்கும் நகரத்தில் வீடு காட்டுவது அவள் வேலை.

"நிப்பாட்ட ஏலா. படுக்க வெச்சித்தான் கொண்டு போகோணும்."

நிற்கத் தெரியாத அந்த அலுமாரியை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. படுக்க வைத்தாலும் போகும் என்றாள்.

அவர் மனதில் இருந்தது அலுமாரி அல்ல, இறந்தவரின் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி. அதில் படுக்கப் போகிறவரும் அவர்தான்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். இதயம் களைத்துவிட்டது, வெட்டித் தைக்கவும் தாங்காது, இருக்கிற நாளை நிம்மதியாக இருங்கள் என்று. வீட்டுக்கு வந்த பாரூக் மனைவியிடம் "வாயுவாம்" என்றார். சகீனாவும் மறுபேச்சில்லாமல் இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். பொய்யைச் சொல்லிவிட்டு அந்த ரசத்தைக் குடித்து முடித்தபோதுதான், உலகத்தில் தான் தனி ஆளாகிவிட்டது அவருக்கு உறைத்தது.

கொஞ்ச நாளில் சகீனா தண்ணீர்க்கரை வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டவுனுக்குள் கிடந்து அலுத்துவிட்டதாம்.

பிள்ளைகள் இல்லை. அவளுக்காக அவர் இனிச் செய்யக்கூடியது இது ஒன்றுதான். கண்டி வீட்டை வாங்குவதற்கு ஆளும் கிடைத்துவிட்டான். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் அவனுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும்.

நிலூஷா வீட்டைத் திறந்துவிட்டாள். கூட வந்திருந்த சகீனா நேரே பல்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் முக்காட்டை இழுத்தது.

"டவுன்ல இந்தக் காத்து கெடைக்குமா அங்கிள்? தூசி இல்ல, ட்ராபிக் இல்ல, ஒரு சத்தம் இல்ல."

உண்மைதான். கொட்டுகொடல்லை வீதியில் புடவைக் கடைக்கு மேலே அவர்களுடைய வீடு. ஏணியை நிமிர்த்தி வைத்த மாதிரிப் படி; இப்போதெல்லாம் ஒரே மூச்சில் ஏற அவரால் முடிவதில்லை. விடிந்தால் பஸ் ஹோர்ன், அடைந்தால் பக்கத்து வீட்டு டீவி. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து என்ன வருத்தம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். மனிதருக்கு மூச்சுவிட இடமில்லை என்று பாரூக்கே எத்தனையோ தரம் சினந்திருக்கிறார்.

ஆனால் பள்ளிவாசலில் யாரோ இறந்துபோன மௌத் அறிவித்தல் கேட்டுவிட்டால் போதும், கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவருவார்கள். அந்தப் பாழாய்ப்போன படியில்கூட, பிடி, சரி, விடு என்று ஆளுக்கொரு கை கொடுத்துச் சந்தூக்கை இறக்கிவிடுவார்கள். முந்தாநாள் சண்டை பிடித்தவனும் தோள் கொடுக்க முண்டியடிப்பான்.

"இந்த மாடியில யாரெல்லாம் ஈக்கிறாங்க மகள்?"

"இன்னும் ஆள் வரல அங்கிள். எல்லாம் வெளிநாட்டுல இருக்கிறவங்க வாங்கிப் போட்டது. மேல மாடியும் அப்படித்தான். நிம்மதியா இருக்கலாம்."

லிப்ட் நீளம்தான். தூக்கத்தான் ஆள் இல்லை.

அது போகட்டும், எப்படியோ தூக்கிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு சகீனா இத்தா இருக்கவேண்டுமே. நான்கு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இருக்கவேண்டிய காலம். டவுனில் என்றால் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, அழவிட்டு, பிறகு அதட்டிக் கஞ்சி குடிக்க வைப்பார்கள். இங்கே ஆளில்லாத மாடியில், இந்தத் தண்ணீரையே வெறித்துக்கொண்டு அவள் தனியாக இருப்பாள்.

அவர் நிலூஷா பக்கம் திரும்பினார்.

"சரிவராது மகள்," என்றார். "அலுமாரி இதுக்குள்ள போகாது."

நிலூஷா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் முன்னால்தான் போகும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

சகீனா திரும்பினாள். எந்த அலுமாரி என்று அவள் கேட்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து, காற்றில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

பாரூக்குக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவள் அவரிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் இல்லாத அலுமாரியைச் சாட்டித் தட்டிவிட்டார். காரணத்தைச் சொல்லவும் முடியாது.

நிலூஷா வீட்டைப் பூட்டிக்கொண்டு நின்றாள். இவர்கள் இருவரும் லிப்டுக்குள் ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது.

சகீனா அவர் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கென்னத்துக்குத் தண்ணி? லிப்ட் ஈக்கிதே எண்டுதான் இங்க பாத்தேன். பரவாயில்ல. நம்மட படி திரும்புற எடத்துல நின்டு நின்டு சாவி தேடுறீங்களே, அதுல ஒரு கதிரை போட்டு வெக்கிறேன். ஆறுதலா இருந்து தேடுங்க."