தேத்தண்ணி இல்லாத இடம்

அன்று ஸ்ட்ரெதம் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். குடும்பத்தில் மூத்தவரான ஞானேஸ்வரன், அவருடைய மகள் ஆரணி, தம்பி பாலேந்திரா, தம்பியின் மனைவி சிவனேஸ்வரி. ஐந்தாவதாகத் தம்பியின் மகன் யனுஷனையும் சேர்க்கலாம். ஆனால் அவனுடைய குரல் மட்டுமே மேசையில் கிடந்த கைப்பேசியிலிருந்து வந்தது. கிழமையில் ஒருநாள், திங்கட்கிழமைதான், வீட்டோடு பேச அவனுக்கு அனுமதி.

ஞானேஸ்வரனுக்கு இது புதுச் செய்தி. பெறாமகன் கிளாஸ்கோவில் படிக்கிறான் என்றுதான் தம்பி இதுவரை சொல்லி வந்தார்.

“படத்தைப் போடு. பொடியன்ர முகத்தை ஒருக்காப் பாப்பம்.”

“கமரா பழுது அண்ணை” என்றார் பாலேந்திரா, நிலத்தைப் பார்த்தபடி.

ஞானேஸ்வரன் கைப்பேசியை நோக்கிக் குனியாமலே பேசினார். அவர் எதற்கும் குனிகிறவர் அல்லர். “யனுஷன், வாற மாதம் அக்காவுக்குக் கலியாண எழுத்து, பதிவிலை கையெழுத்து வைக்கிற நாள். நீ வந்து நிக்கோணும்.”

“ஏலாது பெரியப்பா. ரெண்டு வருஷம் முடியுமட்டும் விடமாட்டினம்.”

“ஒருநாளைக்குமோ?”

“ரூல்ஸ் பெரியப்பா. தனியக் கடைக்குக்கூடப் போகக் கூடாது. எப்பவும் ஒருத்தன் பக்கத்திலை நிப்பான். இரவிலையும் ஒரே அறைதான்.”

ஞானேஸ்வரன் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தார்.

“உடுப்புத் தோய்ச்சியோ அப்பன்?” என்று சிவனேஸ்வரி இடையில் புகுந்தாள்.

“திங்கள்தானே தோய்க்கிற நாள் அம்மா. தலைமயிரும் வெட்டியாச்சு. நாளைக்கு விடிய ஆறரைக்கு எழும்பினா இருட்டுமட்டும் வேலைதான். போன கிழமை முழுக்கத் தட்டினம், ஒரு கதவும் திறக்கேல்லை.”

“டேய், உன்னைக் கடிக்க வந்த நாய் என்னவாம்?” என்று ஆரணி சிரித்தாள்.

“அது இப்ப என்ர பிரெண்ட் அக்கா.”

“குளிருக்கை நிக்கிறாய், தேத்தண்ணியாவது குடிக்கலாமே?” என்றாள் தாய்.

“தேத்தண்ணி இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது அம்மா? கோப்பியும் இல்லை. சுடுதண்ணிதான்.”

பொடியன் சிறையில்தான் இருக்கிறான் என்று ஞானேஸ்வரன் முடிவு கட்டினார். இலண்டனுக்கு அகதியாக வந்திறங்கிய காலத்தில் அவரும் தடுப்பு முகாமில் கிடந்தவர். பொய்க் கடவுச்சீட்டில் வந்த அம்பலவாணர் மேல் கட்டிலிலும் அவர் கீழ்க் கட்டிலிலும் படுத்தார்கள். அங்கேகூட நேரத்துக்குத் தேத்தண்ணி வந்தது. அதுவும் இல்லாத மறியல் என்றால், பொடியன் என்ன செய்துவிட்டுப் போனானோ!

அந்த அம்பலவாணரின் மகன் லதீசனைத்தான் ஆரணிக்குப் பேசியிருந்தார்கள். பேசியது பெரியவர்கள், அதற்கு முன்பே விரும்பியது பிள்ளைகள். கடைசி வார்த்தை சொல்ல அம்பலவாணர் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

“பெரியப்பா, அக்கான்ர எழுத்துக்காக நாங்கள் ரெண்டு பேரும் மன்றாடுறம்” என்றது கைப்பேசி. பிறகு இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. ஒன்று யனுஷனுடையது, மற்றது அமெரிக்க மூக்கால் வந்தது. “ஆமென்.”

தொடர்பு அறுந்தது.

“மறியலுக்குள்ளையும் கிறிஸ்தவ வேதக்காரர் பூந்து பொடியனை மாத்திப்போட்டாங்களோ?” என்றார் ஞானேஸ்வரன்.

“ஆர் அண்ணை மறியலிலை?” பாலேந்திரா திகைத்தார். “அவன் மோர்மன் எண்ட அமெரிக்க வேதச் சபையிலை சேந்திட்டான். வெள்ளைச் சேட்டு, கறுத்தப் பட்ஜ் போட்டுக்கொண்டு ரெண்டு ரெண்டு பேராத் தெருவிலை திரிவினமே, அது. வீடு வீடாக் கதவு தட்டி வேதம் சொல்லுறான். தானா விரும்பி ரெண்டு வருஷ ஊழியத்துக்குப் போனவன்.”

“குடி, கிடி?”

“இல்லை அண்ணை. சிகரெட்டும் இல்லை. தேத்தண்ணி கோப்பிகூட அந்தச் சபையிலை விலக்கு. பெட்டையளைத் திரும்பியும் பாக்கிறேல்லை. கிழவியளின்ர வீட்டிலை சோபா தூக்கிக் குடுக்கிறானாம்.”

“குடும்பத்தை அழிச்சுப்போட்டானே!” என்று ஞானேஸ்வரன் தலையில் கை வைத்தார்.

அழைப்புமணி அடித்தது. அம்பலவாணர் திருநீற்றோடு உள்ளே வந்தார். கோயில் சபைத் தலைவர். அவர் வீட்டுப் படியில் முட்டைகூட ஏறாது. சிவனேஸ்வரி நீட்டிய வடைத் தட்டை அவர் கையால் விலக்கினார்.

“ஞானம், நாங்கள் ஒரே கட்டிலிலை கிடந்த ஆக்கள். உள்ளதைச் சொல்லும். கிளாஸ்கோவிலை என்ர மருமோன்ர கதவை ஒரு தமிழ்ப் பொடியன் வேதப் புத்தகத்தோடை வந்து தட்டினவனாம். நெஞ்சிலை குத்தியிருந்த பட்ஜிலை பாலேந்திரா எண்டு கிடந்ததாம். உம்மட பெறாமோன் வேதத்துக்கு மாறிட்டான் எண்டு ஊரெல்லாம் கதை. மற்றது எதையும் பொறுப்பன் ஞானம். அது மட்டும் எங்களுக்குச் சரிவராது.”

ஆரணியின் கண் நிறைந்து நின்றது. பாலேந்திரா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

ஞானேஸ்வரன் கையை உயர்த்தித் தம்பியை அடக்கினார். எழுந்து, முதுகை நிமிர்த்தி, கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

“எங்கட குடும்பத்திலை அப்பிடியொரு மானக்கேடு நடக்காது, அம்பலம். அது வேறை ஆரோ. எங்கட பொடியன் மறியலிலை இருக்கிறான்.”